பீரோ மேல் வைத்த பிலிம் டப்பா

அவலூர்பேட்டையில் பழைய வீட்டை இடித்தபோது பரணில் கிடைத்தது என்று ஒரு தகர டப்பாவை மச்சினன் கொண்டுவந்தான். "நீதான மாமா ஆபரேட்டரா இருந்த? உனக்குத்தான் இது ஆவும்."

செஞ்சியில் தியேட்டரை மூடும்வரை படம் ஓட்டியவன் நான். சுருளைப் பிரித்ததுமே தெரிந்தது, ஓரத்தில் ஒலிக்கோடு இல்லை. ஊமைப்படம். ஒரு வெள்ளைக்காரப் பெண் கதவருகே நின்றிருந்தாள். நாலைந்து கட்டங்களைப் படமெடுத்து பேஸ்புக்கில் போட்டேன்.

மூன்றாம் நாளே சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தார். பழைய படங்களைத் தேடிக் காப்பாற்றுவது தன் வேலை என்றார். சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தவர் அதைக் கீழே வைக்கவே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

"சார், இது அமெரிக்காவுல நூறு வருஷம் முன்னாடி எடுத்த படம். அங்கயே கடைசி ரீல் மட்டும்தான் இருக்கு. இது நடு ரீல்னு நினைக்கிறேன். காப்பி எடுத்துட்டுத் திருப்பித் தர்றேன். சூட்டுல வச்சா தீப்பிடிக்கும், இல்லன்னா கரைஞ்சே போயிடும்."

மனைவி என்னை அடுப்படிக்கு இழுத்தாள். "அமெரிக்காக்காரன் படம் அவலூர்பேட்டைக்கு இன்னாத்துக்கு வருது? பயமுறுத்தி வாங்கிக்கினு போவப் பாக்குது."

எனக்கும் அதே எண்ணம். அடையாள அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தேன். அதையும் நம்பவில்லை. யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டேன். அவர் நான்கு முறை போன் செய்தார். இத்தனை அவசரம் ஏன் என்றுதான் ஒவ்வொரு முறையும் தோன்றியது. டப்பாவைப் போர்வையில் சுற்றி பீரோ மேல் ஏற்றினேன். அதற்கு மேலே சிமெண்ட் ஷீட் கூரை.

கத்திரி வெயில் முடிந்தபோது அறையில் ஒரு நெடி. எலி செத்திருக்கும் என்றாள் மனைவி. மூடியை நெம்பித் திறந்தேன். பிலிம் பாகு மாதிரி ஒட்டிக் கிடந்தது. ஓரமெல்லாம் பழுப்புத் தூள்.

நானே போன் செய்தேன். மறுநாள் வந்தவர் டப்பாவைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எங்க வச்சிருந்தீங்க சார்?"

"கீழதாம்மா. நெழல்லதான் இருந்துச்சு" என்றேன். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேறுவது தேறட்டும் என்று டப்பாவை அவரிடமே கொடுத்தனுப்பினேன்.

சில மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. பதினோரு விநாடி. அந்த வெள்ளைக்காரப் பெண் கதவைத் திறந்து யாரிடமோ ஏதோ சொல்கிறாள். யாரிடம் என்பது அழிந்துவிட்டது. 'உங்களாலதான் இதாவது கிடைச்சுது சார்' என்று கீழே எழுதியிருந்தார். படித்ததும் பொறுக்கவில்லை. கூப்பிட்டு, பீரோ மேல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"தெரியும் சார். பார்த்ததுமே தெரிஞ்சுது" என்றார். கோபமே இல்லை.

போனை வைத்தபின், முழுவதையும் காப்பாற்றிவிட்டு எனக்குப் பதினோரு விநாடி மட்டும் அனுப்பியிருப்பாரோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது.