கல்யாணத்துக்குப் பூசிய சுவர்

ஃபெமினா புருஷன் வீட்டுக்குக் கிளம்பிய அதே வியாழக்கிழமைதான் நிலச்சரிவு ஆய்வுக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். வால்பாறை மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பில், மேல் லைனின் கடைசி வீடு அவள் அம்மா விமலாராணியுடையது. வாசலில் பெருந்துறைக்குப் போகும் வேனில் பெண்ணின் பீரோவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பின்னால், வீட்டின் மேல் சாய்ந்தாற்போல் நிற்கும் மண்திட்டை அளந்துகொண்டிருந்தார்கள்.

அந்த ஆய்வுக்காக விமலாராணி வருஷக்கணக்கில் காத்திருந்தாள். ஆபத்தான வீடு என்று சிவப்புக் குறி விழுந்தவர்களுக்கு மட்டும் சமதளத்தில் புது வீடு என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. புருஷன் இல்லாதவள். இலை பறிக்கும் வேலை இருக்கும்வரைதான் வீடும். வேலையை விட்டால் வீடு போகும். வீட்டை விட்டால் போக இடமில்லை. பெண் கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு மனம் வராது.

பின்சுவரில் கூரையிலிருந்து தரைவரை ஒரு விரிசல். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவளே அதை சிமெண்ட் வைத்து அடைத்து, நீலச் சுண்ணாம்பும் அடித்திருந்தாள். இடிகிற வீட்டில் பெண் எடுத்தோம் என்று சம்பந்தி வீட்டார் பேசிவிடக் கூடாதே.

ஆய்வுக்கு வந்த இன்ஜினியர் நந்திதா சின்னப் பெண். சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"புதுசா அடிச்சிருக்கீங்களாக்கா?"

"கல்யாண ஊடுங்க. அடிக்காம இருப்பமா?"

"விரிசல் ஏதாச்சும் இருந்துச்சுங்களா? இருந்தா சொல்லிப்போடுங்க. அதை வெச்சுத்தான் முடிவு பண்ணுவோம்."

விமலாராணி வாயைத் திறந்தாள். அதற்குள் சம்பந்தி அமிர்தநாதன் காபி டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அவர் தங்கைமார் இருவர்.

"இல்லீங்க" என்றாள்.

அமிர்தநாதன் உள்ளங்கையால் சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். "என்னங்க அம்மணி, இப்படிக் கேக்கறீங்க? கல்லாட்ட இருக்குது. எங்கூர்ல புது ஊடே இப்படி நிக்காதுங்க."

தங்கைமார் சிரித்தார்கள். நந்திதா கையிலிருந்த டேப்லெட்டில் எதையோ தொட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். வேன் கிளம்பியபோது விமலாராணி விக்கி விக்கி அழுதாள். பெண்ணைப் பிரிகிற அழுகை என்று எல்லோரும் தேற்றினார்கள்.

அடுத்த வாரமே நந்திதாவுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னாள்.

"பூசறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருந்தா திருத்திரலாங்கக்கா. வெறும் பேச்ச வெச்சு ஒத்துக்க மாட்டாங்க."

போட்டோவுக்கு எங்கே போவது? விரிசல் தெரியாத பக்கமாகப் பார்த்துத்தான் அந்த வீட்டில் யாரும் படமே எடுப்பார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட ஒரு சேலையைத் திரையாகக் கட்டி அதை மறைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டுச் சின்னாத்தாளுக்குச் சிவப்புக் குறி விழுந்தது. சாமான்களைத் தூக்கிக்கொண்டு போகிற போக்கில் கேட்டாள். "வாயத் தொறந்திருக்கலாமல்லோ புள்ள?"

"தொறந்தனே. இல்லீங்கன்னுதான வந்துச்சு."

மறு மழைக்கு நீலச் சுண்ணாம்பு மேலிருந்து கீழாகப் பிளந்தது. கட்டிலை முன்கதவை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள். அதற்கடுத்த மழைக்கு விரிசலில் விரல் நுழைந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பினாள். பட்டியலை மூடியாயிற்று, அடுத்த ஆய்வில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த ஆய்வு எப்போது என்று எவருக்கும் தெரியவில்லை. கதவையும் தாழ் போடாமல் படுக்கத் தொடங்கினாள்.

கடைசியில் மகளிடம் சொல்லிவிட்டாள். "உங்க மாமனாருக்குத் தெரிய வேண்டாங் கண்ணு" என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டாள்.

சில நாள் கழித்து, தேயிலைக் காட்டின் உச்சியில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் போன் சிணுங்கியது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பெண் பார்க்க வந்த நாளின் படம். காபித் தட்டோடு ஃபெமினா. அவளுக்குப் பின்னால் சேலைத்திரை காற்றில் ஒதுங்கி, சுவர் உச்சியிலிருந்து அடிவரை விரிசல். கீழே அமிர்தநாதன் எழுதியிருந்தார்:

"சம்பந்தியம்மா, அன்னிக்கே பாத்துப்போட்டனுங்க. நீங்க சங்கடப்படக் கூடாதுன்னுதான் சுவத்தத் தட்டுனேன். இந்தப் படம் இப்பவாச்சும் ஆகுமுங்களா?"