பொலித்தீன் கழற்றாத வெல்டிங் மெஷின்

புது மெஷினுக்கு ஒரு மணம் உண்டு. கிறீஸும் பெயின்ற்றும் பொலித்தீனும் கலந்த மணம்... எங்கள் பள்ளிக்கூடப் பட்டறையைத் திறந்தால் அதுதான் முகத்தில் அடிக்கும். இரண்டு வருடமாக அந்த மணம் போகவே இல்லை. பாவித்தால்தானே போகும்!

லிங்கநகரிலிருந்து இறக்கக்கண்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போய்வந்த காலம் அது. எனக்கு முதல் நியமனம், தொழில்நுட்பப் பாடம். கடற்கரைப் பிள்ளைகளும் ஒரு தொழில் பழகட்டும் என்று இரண்டு வெல்டிங் மெஷின்கள் வந்து இறங்கின. பொருட் பதிவேட்டில் கையெழுத்து வைத்தவள் நான்.

"உடைஞ்சால் நீங்கள்தான் விளக்கம் எழுதிக் குடுக்க வேணும், ரீச்சர்," என்றார் அதிபர். ஒரே ஒரு தரம்தான் சொன்னார். எனக்குப் பயம் பிடிக்க அது காணும்.

அறையைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வெல்டிங்கைக் கரும்பலகையில் படிப்பித்தேன்... கலர் சோக்கில் தீப்பொறி கூடக் கீறினேன்.

மேலிடத்திலிருந்து ஆட்கள் வரும் நாளில் மட்டும் பொலித்தீனைக் கழற்றுவேன். பிள்ளைகள் முகமூடி போட்டு நிற்பார்கள். போட்டோ எடுத்து, தேத்தண்ணி குடித்து, அவர்கள் போனதும் திரும்பச் சுற்றி டேப் ஒட்டிவிடுவேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்ட நாட்களும் உண்டு. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஜெசிந்தா என்று ஒரு பிள்ளை. தகப்பன் மீன்பிடி. படிப்பு முடிந்ததும் துறைமுகப் பக்கம் படகு கட்டும் பட்டறையில் பயிலுநராகச் சேர வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே எண்ணம்.

"ஒருக்கா பத்த வைச்சுப் பார்க்கட்டோ, ரீச்சர்?"

"இப்ப ஏலாது, பிள்ளை. உடைஞ்சால் நான்தான் விளக்கம் எழுதிக் குடுக்க வேணும். பிறகு பார்ப்பம்."

எத்தனை தரம் கேட்டாளோ... எத்தனை 'பிறகு' சொன்னேனோ.

படகுப் பட்டறையில் ஆள் எடுக்கும் நாள் வந்தது. துணைக்கு நானும் போனேன். வாயால் கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு பொறுப்பாளர் இரண்டு இரும்புத் தகடுகளை வைத்து, "எங்க, ஒட்டிக் காட்டுங்கோ," என்றார்.

வெல்டிங் கம்பி தகட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. அவர்தான் வந்து கழற்றிவிட்டார்.

"ஸ்கூலில மெஷின் இல்லையோ?"

ஜெசிந்தா என்னைப் பார்க்கவில்லை. "இல்லை, சேர்," என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பி, "பாவம், வசதியில்லாத பள்ளிக்கூடங்கள்," என்றார்.

நான் தலையாட்டினேன்... ஓம், தலையாட்டினேன். அந்தப் பிள்ளை என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னாள். எனக்கு உண்மை சொல்ல வாய் வரவில்லை. இடம் வேறொருவருக்குப் போனது.

இப்போது கந்தளாய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். இங்கே மெஷின்கள் வந்த அன்றே பொலித்தீனைப் பிரித்துவிட்டேன். பிள்ளைகள் கையைச் சுடுகிறார்கள், கம்பியை வீணாக்குகிறார்கள், ஆனால் ஒட்டுகிறார்கள். போன தவணை ஒரு மெஷின் எரிந்தும் போனது.

போன மாதம் டவுனில் ஒரு புடைவைக் கடைக்குப் போனேன். சீலை விரித்துக் காட்ட வந்தவள் ஜெசிந்தா. "ரீச்சர், சுகமா இருக்கிறீங்களோ?" என்று அதே சிரிப்பு. மனம் பொறுக்காமல் மெஷின் எரிந்த கதையைச் சொன்னேன்.

"அப்ப விளக்கம் எழுதிக் குடுத்தீங்களோ?"

"ஓம்... அரைப் பக்கம் எழுதினனான். வாங்கி ஃபைலில போட்டிட்டினம்."

விரித்த சீலையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அரைப் பக்கம்தானோ, ரீச்சர்?"