மப்கூத் மாமா நிற்காமல் போன காலை

சலாலா துறைமுகத்தில் கப்பல் நிற்கும் நாட்களில் என் சின்ன மாமா மப்கூத்தின் வண்டிக்கு ஓய்வு கிடையாது. காலை எட்டு மணிக்கு நாலைந்து பேரை ஏற்றிக்கொள்வார். முதலில் முக்சைல் கடற்கரை. பாறைத் துளை வழியே கடல் பீறிட்டால் எல்லோரும் நனைந்து சிரிப்பார்கள். அடுத்து சாம்பிராணி மரங்கள் நிற்கும் பள்ளத்தாக்கு. அப்புறம் வளைந்து வளைந்து மலை. ஒன்றரை மணிக்குள் திரும்பத் துறைமுகம். அரை நாள் சுற்றுலா என்றால் அரை நாள்தான், கப்பல் யாருக்காகவும் காத்திராது. மாமாவுக்குத் தெரிந்த முப்பது ஆங்கிலச் சொற்களில் கடல், மரம், மலை மூன்றும் அடங்கிவிடும். மிஞ்சியதில், அக்கா மகன் பட்டப்படிப்பு முடித்தவன் என்பதையும் சேர்த்துவிடுவார்.

அந்த வண்டிதான் குடும்பத்தைப் பிளந்தது. அதை வாங்க அவர் தன் பங்கு ஒட்டகங்கள் அத்தனையும் விற்றார். மலைமேல் ஒட்டகம் மேய்க்கும் என் பெரிய மாமா சுஹைலுக்குப் பொறுக்கவில்லை.

"பால் குடுக்கிறத வித்துட்டு பெட்ரோல் குடிக்கிறத வாங்கியிருக்க. நல்ல வியாபாரம்டா. அதுல ஏறி என் பட்டிக்கு வராத."

மூன்று வருஷம் பேச்சில்லை. இத்தனைக்கும் அந்தப் பட்டி, சுற்றுலாப் பாதையிலிருந்து கூப்பிடு தூரம். கப்பல் வரும் நாளெல்லாம் சின்னவர் அந்தத் திருப்பத்தைக் கடந்துதான் போவார். "அவரு கூப்பிடட்டும், போறேன்" என்பார் என் அம்மாவிடம். அம்மா பெரியவரிடம் போய் நின்றால், "அவன் நடந்து வரட்டும், பேசறேன்" என்பார்.

போன ஜனவரியில் ஒரு நாள், மலை ஏறும்போது அந்தத் திருப்பத்தில் பகீத் நின்று கை காட்டினார். பெரிய மாமாவின் பக்கத்துப் பட்டிக்காரர். மாமா வண்டியை நிறுத்தாமல் நிறுத்தி, கண்ணாடியை இறக்கினார். அன்றைக்குக் கடற்கரையில் ஓர் அம்மாளின் செருப்பை அலை கொண்டுபோய், அதைத் தேடியே அரை மணி போயிருந்தது.

எங்கள் மலையில் இருவர் சந்தித்தால் ஸலாம் சொன்ன பின் சேதி கேட்பது முறை. வீட்டில் சாவே விழுந்திருந்தாலும் முதல் பதில் நல்ல சேதி என்பதுதான். உட்கார்ந்து ஒரு வாய் குடித்த பிறகே உள்ளதைச் சொல்வார்கள்.

"என்ன சேதி மப்கூத்?"

"நல்ல சேதிதான். உங்கிட்ட?"

"நல்ல சேதி. இறங்கு, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ."

"பின்னாடி இருக்கிறவங்க என்ன உன் ஒட்டகமா, நெனச்ச எடத்துல நிறுத்த? மணியப் பாரு."

"அஞ்சே நிமிஷம்."

"உன் அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா? போன தடவ மூணு கிளாஸ் ஆச்சு. நாளைக்கு வரேன், பானையோட எடுத்து வை."

பகீத் கதவில் வைத்த கையை எடுக்கவில்லை. பின்னால் இருந்த நாலு அந்நியர்களைப் பார்த்தார். பிறகு எடுத்தார். வண்டி போய்விட்டது.

ஒருவன் விடாமல் டீக்குக் கூப்பிட்டால் அதற்கு என்ன பொருள் என்று எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. மாமாவுக்கும் தெரியும். அன்றைக்கு அவர் கடிகாரத்தைப் பார்த்த அளவுக்குப் பகீத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

சுற்றுலா முடியும்வரை போனை ஊமையாக்கி வைப்பது அவர் வழக்கம். ஒன்றரைக்கு எடுத்துப் பார்த்தபோது என் அம்மாவின் ஒன்பது அழைப்புகள். பெரிய மாமாவுக்கு விடிகாலையிலேயே வலது கையும் காலும் இழுத்துக்கொண்டுவிட்டன. சின்னவர் வண்டி நிற்காமல் போன பிறகு பகீத் தன் பிக்கப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். உயிர் தங்கியது. பேச்சு தங்கவில்லை. "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா" என்று ஆரம்பித்த டாக்டர், மாமாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வராந்தாவில் மாமா பகீத்தின் சட்டையைப் பிடித்தார்.

"வாய் இல்லையா உனக்கு? உன் அண்ணனுக்கு முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

"நாலு வெளியாள வச்சுக்கிட்டு நடுரோட்டுல அதச் சொல்லவா? நீ இறங்கியிருந்தா சொல்லியிருப்பேன்." பிறகு பகீத்தே சொன்னார்: "சொல்லியிருக்கணும். இப்பத் தெரியுது."

பெரிய மாமாவின் மனைவி துஃபூல் அத்தை வந்து கையை விலக்கிவிட்டாள்.

"அவர ஏன் பிடிக்கிற தம்பி? ஏழு மணிக்கே பிக்கப்ப வாசல்ல கொண்டாந்து நிறுத்திட்டாரு. உங்க அண்ணன்தான் ஏறல. வாய் கோணிப்போய்ப் பாதிப் பேச்சுதான் வருது, அதுலயும் பிடிவாதம். 'இன்னிக்குக் கப்பல் நாளு, மப்கூத் பத்து மணிக்கு வருவான், அவன் வண்டியிலதான் வருவேன்'னாரு."



இப்போது கப்பல் இல்லாத நாட்களில் அவர் மலைக்குப் போகிறார். அண்ணனைத் தூக்கி முன் இருக்கையில் வைத்து, பெல்ட் மாட்டி, கடற்கரை வரை இறக்கிக்கொண்டு போவார். வழியில் வாய்ப் பழக்கத்தில், "இடது பக்கம் பாருங்க" என்று ஆரம்பித்துவிட்டு, அங்கே ஒவ்வொரு கல்லும் அண்ணனுக்குத்தான் அதிகம் தெரியும் என்று நினைவு வந்து நிறுத்திவிடுவாராம்.

போன வெள்ளிக்கிழமை நானும் பின்னால் இருந்தேன். கடலோரத்தில் வண்டியை நிறுத்தி, சின்னவர் ஒட்டகப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். பெரியவர் குடித்தார். விரும்பிக் குடித்தாரா, வேறு வழியின்றிக் குடித்தாரா, அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. கண் அலையைப் பார்த்தபடியே இருந்தது.

அண்ணனின் தாடியில் வழிந்த பாலைத் துடைத்துவிட்டு என் பக்கம் வந்தார் மப்கூத் மாமா.

"அவரு ஒரு தடவ திட்டிட்டாப் போதும்டா" என்றார். "பழையபடி, வாய் நெறைய."