உப்புக் கூடிய சம்பல்

இன்று காலை புட்டு அவியும் வாசம் மூக்கில் ஏறியதும், எப்போதோ இடித்துவிட்ட எங்கள் துறைமுகக் குவாட்டர்ஸின் குசினிக்குள் போய் நின்றேன். கப்பல் ஊதும் சத்தத்தில் கூரைத் தகரம் அதிர, அம்மா குழலிலிருந்து புட்டைத் தள்ளத் தள்ள, கதிரையில் இருக்கும் அப்பா முதல் வாய் வைக்கும்வரை பிள்ளைகள் நாங்கள் சுவரோடு ஒட்டி நிற்போம். புட்டோடு வைக்கும் தேங்காய்ச் சம்பலில் உப்புக் கூடினால், செம்புத் தண்ணீரை அப்படியே புட்டுச் சட்டிக்குள் ஊற்றிவிட்டு அவர் வேலைக்குப் போய்விடுவார், நாங்கள் வெறும் தேத்தண்ணியோடு பள்ளிக்கூடம் போவோம்.

இப்போது அவர் படுத்த படுக்கை. அம்மாதான் ஊட்டுவா. இன்றைக்கு முதல் வாயிலேயே, "உப்புக் கூடிப்போச்சுது" என்றார்.

"ஓம், கூடத்தான் போட்டனான்" என்று சொல்லி, அம்மா அவருடைய தட்டில் தண்ணீரை ஊற்றினா.

எனக்கு உப்பு அளவான சம்பல் வேறாக வைத்திருந்தா. வயிறாரச் சாப்பிட்டேன்.