முன்வாசலில் செருப்புக் கூட்டம்

ஓமானில், சலாலாவுக்குப் பக்கத்துச் சின்ன ஊரில், விக்டோரியா ராணி காலத்து வியாபாரி ஒருவரின் மாளிகையை ஹோட்டலாகப் புதுப்பித்தார்கள். தச்சு வேலை முழுக்க எங்கள் லேபர் கேம்ப் ஆட்கள்தான்.

இன்று திறப்பு. எங்களையும் டீக்கு அழைத்திருந்தார்கள். விருந்தாளிகளாக, முன்வாசல் வழியாக!

இஸ்திரி சட்டை, செண்ட் எல்லாம் பிரமாதம். வாசலுக்கு வந்ததும், எங்களையறியாமல் எல்லோரும் செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டுவிட்டோம். பாலிஷ் போட்ட தேக்குப் படியில் செருப்புக் கால் பட்டால் ஃபோர்மேன் காதர் பாய் கத்துவாரே, அந்தப் பழக்கம்.

"பாய், இன்னிக்கு நாம கெஸ்ட்டு. போட்டுக்கிட்டே ஏறலாம்" என்றேன்.

அவரும் வெறுங்காலில்தான் நின்றார். "ஏறலாம்தான். மனசு வரமாட்டேங்குதே!"

பின்னால் வந்த ஜெர்மன் தம்பதி அந்த வரிசையைப் பார்த்தார்கள். இந்த வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று பூட்ஸைக் கழற்றினார்கள். அவர்களைப் பார்த்து அடுத்து வந்தவர்களும்.

டீ குடித்து முடிப்பதற்குள் வாசல் கல்யாண மண்டபமாகிவிட்டது. கோட் போட்டவர்களெல்லாம் வெறும் சாக்ஸோடு, நாங்கள் இழைத்த கைப்பிடியைத் தடவிக்கொண்டே படியேறினார்கள். காதர் பாய்க்கு வாயெல்லாம் பல்.

ஹோட்டலின் மலையாளி மேனேஜர் வேகமாக என்னிடம் வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"முருகேசன் பாய், இது நல்லாயிருக்கு! இனிமே இதான் இங்க ரூல். ஒரு செருப்பு ஸ்டாண்ட் வேணும். நாளைக்கே. ஜல்தி!"

ஒரு டீ குடிக்கும் நேரம்தான் விருந்தாளியாக இருந்தேன், மக்களே. உங்களை டூட்டி எங்கெல்லாம் துரத்திப் பிடித்திருக்கிறது?