ரெண்டு முப்பத்தெட்டு

சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். டாக்டருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கைத்துப்பாக்கியால் அட்டையைக் குறிபார்த்துச் சுடும் பைத்தியம். தோட்டா சீமையிலிருந்து கப்பலில் வந்து சேரும்வரை அவருக்குப் பொறுக்காது. அதனால் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைச் சேர்த்துவந்து, திரும்ப நிரப்பச் சொல்லி என் மேசையில் கொட்டினார்.

"எனக்கு இது தெரியாதுங்க தொரை."

"நீ மருந்து நிறுக்கிற ஆள். இதுவும் மருந்துதானே?"

வெடிமருந்தின் அளவை அவர் சொன்னார், நான் நிறுத்தேன். அதில் தகராறு இல்லை. தகராறு ஈயக் குண்டில் வந்தது. கூடுகளில் ஒரு ஜாதி நெட்டையாக, ஒல்லியாக இருந்தது. இன்னொன்று குட்டை, கொஞ்சம் பருமன். இரண்டின் அடியிலும் 38 என்றே பொறித்திருந்தது. அங்குலத்தை நூறு பங்காக்கினால் அதில் முப்பத்தெட்டுப் பங்கு என்று அர்த்தமாம். குண்டுகளும் இரண்டு டப்பாவில் வந்திருந்தன. இரண்டின்மேலும் அதே 38.

பக்கத்து வளையல் கடை நானாவிடம் காட்டினேன். நாகூர்க்காரர்; அந்தப் பக்கத்தில் அண்ணனை நானா என்பார்கள். எதைக் கேட்டாலும் உடனே, இந்த ஊர் 'லா'வையும் சேர்த்துப் பதில் சொல்வார்.

"முப்பத்தெட்டுன்னா முப்பத்தெட்டுதான் லா, தம்பி. ரெண்டரை வளையல்னா ரெண்டரைதான். கை நெட்டையா குட்டையான்னு நான் பாக்குறனா?"

நியாயமாகப் பட்டது. இரண்டு டப்பாவையும் ஒரே தட்டில் கவிழ்த்தேன். சில கூட்டில் குண்டு இறங்க மறுத்தது; உள்ளங்கையால் அழுத்தினேன், கூட்டின் வாய் புடைத்துக்கொண்டது. சிலதில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கை தேறிவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

அந்த ஞாயிறு புக்கிட் பாஞ்சாங் பக்கம் டாக்டரின் சிநேகிதர் ஒருவரின் தோட்டத்தில் சுடுவதாக ஏற்பாடு. வேடிக்கை பார்க்க நானாவும் வந்தார். டாக்டர் முதல் தோட்டாவைத் துப்பாக்கியில் போட்டார்; பாதியில் நின்றது. அடுத்தது வாயிலேயே சிக்கியது. மூன்றாவதை எடுத்து, உள்ளே என்ன கோளாறு என்று காதருகே வைத்து ஆட்டினார். குண்டு நழுவி அவருடைய தேநீர்க் கோப்பையில் டபக்கென்று விழுந்தது. மருந்து வெள்ளைக் கோட்டின்மேல் கொட்டியது. பக்கத்தில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த தோட்டத்துத் துரை நாற்காலியைத் தூக்கிக்கொண்டே பின்னால் ஓடினார்.

அவரிடமும் ஒரு முப்பத்தெட்டுத் துப்பாக்கி இருந்தது; அவர் சுட்ட கூடுகளும் என் மேசைக்கு வந்த குவியலில் கலந்திருந்தன. அது குட்டையை மட்டும் ஏற்றது. டாக்டருடையது நெட்டையை மட்டும். எல்லோரும் புல்லில் உட்கார்ந்து தோட்டா பொறுக்கினோம். சுட வேண்டிய அட்டைமேல் ஒரு கோழி ஏறி நின்று எங்களைப் பார்த்தது.

டாக்டர் திருகி அளக்கும் கருவியை எடுத்து இரண்டு குண்டையும் அளந்தார். ஒன்று முப்பத்தாறுக்கு ஒரு மயிரிழை கீழே, மற்றது ஒரு மயிரிழை மேலே. முப்பத்தெட்டு எதுவுமே இல்லை!

"அப்ப எதுக்கு லா அந்தப் பேரு?" என்றார் நானா.

டாக்டர் விளக்கினார். ஆதியில் குண்டும் கூடும் ஒரே பருமனாக இருந்ததாம். பிறகு குண்டைக் கூட்டுக்குள்ளே செருகும்படி செய்ததில் அது சிறுத்துவிட்டது. பழைய எண் மட்டும் தங்கிவிட்டது.

"அதாவது, குண்டு எளச்சுப் போச்சு. பேரு மட்டும் குண்டாவே இருக்கு!" என்றார் நானா.

தமிழில் குண்டு என்றால் தடியனும்தான் என்று டாக்டருக்குப் புரியவைக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் புல்லில் படுத்துச் சிரித்தார்.

மறுநாள் புதிதாக இரண்டு டப்பா வைத்து, ஒன்றில் 'ஒல்லி மச்சான்' என்றும் மற்றதில் 'குட்டை மாமா' என்றும் எழுதினேன். டாக்டருக்கு இந்தப் பெயர்கள் பிடித்துப்போய், சிநேகிதருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

அதன் பலன் ஒரு திங்கட்கிழமை காலையில் தெரிந்தது. ஆஸ்பத்திரித் திண்டில் நோயாளிகள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்துத் துரை வாசலில் நின்று, தனக்குத் தெரிந்த தமிழையும் மலாயையும் சேர்த்து உரக்கக் கேட்டார்:

"குட்டை மாமா அடா?"

மலாயில் 'அடா' என்றால் 'இருக்கிறதா' என்று அர்த்தம். ஊரிலிருந்து புதிதாகக் கப்பலேறி வந்திருந்த, வயிற்றுவலிக்காரரான ஒரு குள்ள மனிதருக்கு அது எப்படித் தெரியும்? வயிற்றைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு எழுந்தார்.

"யாரப் பாத்து அடாங்கிற? தொரைன்னா நீ உன் வீட்டுல தொரை!"

துரைக்கு ஓம நீரையும் வயிற்றுவலிக்காரருக்குத் தோட்டாவையும் கொடுத்துவிடாமல் இருக்க, அன்று நான் மிகவும் கவனமாக இருக்க வேண்டியிருந்தது.