முப்பது விநாடி தாமதம்

"மறுபடியும் கத்துதுங்க மேடம். வந்து என்னன்னு பார்த்துட்டுப் போங்க" என்று ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் ஷிப்ட் இன்சார்ஜ் கூப்பிட்டபோது, அந்த மாதத்தில் அது நான்காவது அழைப்பு. தளி பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் அமோனியாக் கசிவைக் காட்டும் கருவியைச் சரிபார்த்துவிட்டு அப்போதுதான் ஏணியிலிருந்து இறங்கியிருந்தேன். மதியச் சாப்பாட்டு டப்பாவை இன்னும் திறக்கவில்லை. வண்டியை ஓசூர் பக்கம் திருப்பினேன்.

தொழிற்சாலைகளில் நெருப்பையும் வாயுக் கசிவையும் கண்டுபிடிக்கும் கருவிகளைப் பொருத்துவதும் பராமரிப்பதும் என் வேலை. பர்கூரில் இன்ஜினியரிங் முடித்த கையோடு இதற்கு வந்தவள், நாற்பதைத் தாண்டியும் ஏணி ஏறிக்கொண்டிருக்கிறேன். நெருப்பைப் பார்க்கிற கருவியை எல்லோரும் டிடெக்டர் என்றுதான் சொல்வார்கள். முன்பக்கம் சின்னக் கண்ணாடி வைத்த கனமான உலோகப் பெட்டி. நெருப்பிலிருந்து நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியும் வரும். அதைப் பார்த்துவிட்டால் சைரன் அடிக்கும். ஆனால் எதிரே யாராவது வெல்டிங் வைத்தாலும் சில சமயம் ஏமாந்துவிடும்.

அங்கேயும் அதுதான் நடந்தது. லாரியில் வரும் மெத்தனால் என்கிற எரிசாராயத்தைத் தொட்டிக்கு ஏற்றுகிற இடத்தில் ஒரு டிடெக்டர் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னொருவருடைய பட்டறை. அங்கே வெல்டிங் நடக்கும் நாளெல்லாம் இங்கே சைரன். ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான பேர் வேலையை விட்டு வாசலுக்குப் போய் வெயிலில் நிற்க வேண்டும். டிடெக்டரை இடம் மாற்றி, மதில் தெரியாதபடி கீழ்நோக்கிப் பொருத்த வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தேன். அதற்குப் புதிதாகக் கம்பம் நட வேண்டும். மேலே அனுமதி கேட்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ஷிப்ட் இன்சார்ஜ் சேலத்துக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். கெட்ட மனிதர் இல்லை. அன்றைக்கு அவர் தூங்கிப் பல நாள் ஆன மாதிரி இருந்தது.

"ஆஃப் பண்ணிடுங்க மேடம். கம்பம் வந்ததும் போட்டுக்கலாம்."

"ஆஃப் பண்ண முடியாதுங்க."

"அப்ப வேற ஏதாவது பண்ணுங்க. இன்னொரு தடவை அடிச்சா என்னைத்தான் கேப்பாங்க. நீங்க பாட்டுக்குப் போயிடுவீங்க."

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். நெருப்பைப் பார்த்த பிறகு எத்தனை விநாடி கழித்துச் சைரன் அடிக்க வேண்டும் என்பதை அந்தக் கருவியில் மாற்றி வைக்கலாம். மூன்று விநாடியாக இருந்ததை முப்பதாக்கினேன். வெல்டிங் பொறி தொடர்ந்து முப்பது விநாடி இருக்காது, நிஜ நெருப்பு இருக்கும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பசித்தது, கால் வலித்தது, ஐந்தாவது முறை அங்கே வர எனக்குத் தெம்பில்லை. "இனிமே அவ்வளவா அடிக்காதுங்க" என்றேன். அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

பத்து நாள் கழித்து அதே தொழிற்சாலையின் கிடங்கில் வேறு வேலையாகப் போயிருந்தேன். நல்ல வெயில். லாரியிலிருந்து மெத்தனால் ஏறிக்கொண்டிருந்தது. சைரன் அடித்தது.

யாரும் அவசரப்படவில்லை. ஒருவர் டீ கிளாஸோடு நிதானமாக வாசல் பக்கம் நடந்தார். ஷிப்ட் இன்சார்ஜ் என்னைப் பார்த்ததும், "பாருங்க மேடம், நீங்க இருக்கறப்பவே அடிக்குது" என்று சொல்லிக்கொண்டு பம்ப் பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். லாரி, குழாய், பம்ப், சிமெண்ட் தரை. புகை இல்லை. நெருப்பு இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் அன்று வெல்டிங் சத்தமும் இல்லை என்பது மட்டும் எனக்கு உறைத்தது.

"எங்கங்க நெருப்பு? காட்டுங்க" என்று அவர் பம்புக்கு முன்னால் கையை நீட்டினார்.

லாரி இறக்குகிற ஆபரேட்டர், ஐம்பது வயதுக்காரர், கன்னடம் கலந்த தமிழ் பேசுகிறவர், குழாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பம்பின் மேல் கிடந்த கோணிச்சாக்கு தானாகக் கருகிச் சுருங்குவதை அவர்தான் பார்த்தார்.

"சார், பேடா! போவாதீங்க! சுடுது சார்!"

சொல்லி முடிப்பதற்குள் இன்சார்ஜின் சட்டைக்கை கறுத்துக் கிழிந்தது. அதற்குப் பிறகுதான் துணி எரிகிற மஞ்சள் நெருப்பு எங்கள் கண்ணில் பட்டது. மெத்தனால் பகல் வெளிச்சத்தில் எரிந்தால் கண்ணுக்குத் தெரியாது. எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் நானே அதைச் சொல்லியிருக்கிறேன். ஆபரேட்டர் அவரை இடுப்போடு பிடித்துப் பின்னால் இழுத்துத் தரையில் தள்ளினார். நான் ஓடிப்போய்ப் பம்பை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தேன். ஓடி வந்தவர்கள் நெருப்பணைப்பான் பொடியையும் நுரையையும் அடித்தார்கள். அணைந்துவிட்டதா என்றுகூடத் தெரியாமல், வெகுநேரம் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

பம்பின் சீல் கசிந்து, தேய்ந்துபோன பேரிங்கின் சூட்டில் பற்றியது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இன்சார்ஜுக்கு வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை.

அன்று சாயங்காலம் டிடெக்டரின் பதிவை என் லேப்டாப்பில் எடுத்துப் பார்த்தேன். நெருப்பைப் பார்த்த நேரமும் சைரன் அடித்த நேரமும் தனித்தனியாக இருந்தன. நடுவில் முப்பது விநாடி. உடனே அடித்திருந்தால் நெருப்பு சின்னதாக இருந்திருக்கும். அப்போதும் அவர் கையை நீட்டியிருப்பாரா, தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

என் மேனேஜர் போனில் சொன்னார்: "டிலே விஷயத்தை ரிப்போர்ட்ல எதுக்கும்மா எழுதறே? கஸ்டமர் கேட்டாங்க, நீ செஞ்சே. டிடெக்டர் வேலை செஞ்சுதுன்னு மட்டும் எழுது."

எழுதினேன். அவர் சொன்னபடி அல்ல, நடந்தபடி. அதில் வீரம் ஒன்றும் இல்லை. நடந்ததை மறைத்துச் சுமந்துகொண்டு வேறு தொழிற்சாலைகளில் ஏணி ஏற முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இத்தனை நாள் வராத கம்பம் ஒரே வாரத்தில் வந்தது.

ஒரு மாதம் கழித்து இன்சார்ஜ் வீட்டுக்குப் போனேன். கையில் கட்டு. அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"ரிப்போர்ட் படிச்சேங்க" என்றார் அவர்.

"மன்னிச்சிடுங்க."

"கேட்டது நான்தானே."

"மாத்துனது நான்தானேங்க."

அவர் கட்டுப் போட்ட கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலைங்க மேடம். அதான் இன்னும் மனசு ஆறல. சாம்பார் கொதிக்கறப்ப மேல காத்து அலையுதில்ல, இப்ப அதைப் பார்த்தாலே எழுந்து வெளிய போயிடறேன்" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் மனைவி எனக்குக் காபி கொடுத்தார். டம்ளரைக் கீழே வைத்ததும் உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு யார் கேட்டாலும் நான் அந்த விநாடிகளைத் தொடுவதில்லை. வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். கெஞ்சுகிறார்கள், திட்டுகிறார்கள், மேனேஜரிடம் புகார் சொல்கிறார்கள். முடியாது என்று சொல்வதும் ஒரு வேலைதான். ஏணி ஏறுவதைவிட அது அதிகமாகக் களைக்க வைக்கிறது.

போன மாதம் அந்தத் தொழிற்சாலையில் சோதனைக்குப் போனேன். புதுக் கம்பத்துக்குக் கீழே அந்த ஆபரேட்டர் நின்றிருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? நம்ம கண்ணுக்குத் தெரியாதத இது எப்படிப் பார்க்குது?"

இத்தனை வருஷத்தில் இதை எப்போது ஆஃப் பண்ணுவீர்கள் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எப்படிப் பார்க்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அவர் இந்த டிடெக்டருக்குக் கீழே ஒன்பது வருஷமாக லாரி இறக்குகிறவர். அவருக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். பிறகு, நெருப்பு மாதிரியே ஒளி வீசுகிற சோதனை விளக்கை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை டிடெக்டரை நோக்கிப் பிடித்து அழுத்தினார். விளக்கில் வெளிச்சம் எதுவும் தெரியவில்லை. சோதனைக்காகச் சைரனைத் துண்டித்திருந்ததால், மூன்று விநாடியில் மேலே சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

"நோடுச்சு மேடம், பார்த்துடுச்சு" என்று சிரித்தார். இன்னொரு தடவை அழுத்தலாமா என்று கேட்டார். அழுத்துங்கள் என்றேன். அடுத்த இடத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. நான் எடுக்கவில்லை. எழுந்திருக்கவும் மனம் வரவில்லை.